மனுவுக்குப் பின்னால் யார்? திருமயத்துக் கல்குவாரிகளும் சூழல் விழிப்புணர்வின் எல்லையும்

1. கேள்வி

சுற்றுச்சூழல் கெடுவதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்ற எண்ணம் அரை நூற்றாண்டாக உலகெங்கும் ஆட்சி செய்துவருகிறது. ஐ.நா. மாநாட்டுத் தீர்மானங்கள் முதல் பள்ளிக்கூடச் சுவரொட்டி வரை அதன் தடத்தைக் காணலாம். அறியாதவருக்கு எடுத்துச் சொன்னால் திருந்துவார், திருந்தியவர்கள் பெருகினால் ஊரும் உலகமும் பிழைக்கும் என்பது அதன் வாதம். அந்த வாதம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டாரத்தை வைத்துச் சோதிக்க முயல்கிறது இக்கட்டுரை.

திருமயத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. வெங்களூரைச் சேர்ந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜெகபர் அலி, தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்தார். திருமயம் பகுதியில் அனுமதியை மீறிக் கல் வெட்டப்படுவதாக அதிகாரிகளிடம் தொடர்ந்து மனு அளித்துவந்தவர் அவர். முதலில் விபத்தாகப் பதிவான வழக்கு, அவருடைய மனைவி அளித்த புகாருக்குப் பின் கொலை வழக்கானது, குவாரித் தொழிலில் உள்ளோர் உட்படச் சிலர் கைதாயினர், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. குற்றம் செய்தவர் யார் என்பது நீதிமன்றம் சொல்லவேண்டிய செய்தி. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இங்குள்ள கேள்வி வேறு: எல்லாம் தெரிந்த ஒரு மனிதர், தெரிந்ததை எழுதிக் கொடுத்த ஒரு மனிதர், ஏன் அவ்வளவு தனியாக நின்றார்?

2. விழிப்புணர்வு கொள்கையான வரலாறு

1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. மாநாட்டின் நினைவாக 1973 முதல் ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1975இல் பெல்கிரேடிலும் 1977இல் திபிலிசியிலும் நடந்த கூட்டங்கள் சூழல் கல்வியை அரசுகளின் கடமையாக்கின. இந்தியா இதில் பின்தங்கவில்லை. 1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம், இயற்கையைப் பேணுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு திரையரங்கும் ஒவ்வொரு காட்சியிலும் சூழல் பற்றிய இரண்டு சிலைடுகளையாவது இலவசமாகக் காட்டவேண்டும், வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் சில நிமிடங்கள் ஒதுக்கவேண்டும், பள்ளி கல்லூரிகளில் சூழலியல் கட்டாயப் பாடமாகவேண்டும் என்றது. அக்காலத்தில் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு, புகையிலை விளம்பரத்துக்கும் நியூஸ் ரீலுக்கும் நடுவே அந்த சிலைடு வந்துபோன வேகம் நினைவிருக்கலாம்.

தமிழ்நாட்டிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2019 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த ஞெகிழித் தடை, 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை', 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் என்று பட்டியல் நீளும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராமசபை கூட்டவேண்டும் என்பதும் இப்போது அரசு ஆணை. நியூயார்க்கில் குறித்த ஒரு தேதி ஊராட்சி மன்றத் தலைவரின் நாட்காட்டிக்குள் நுழைந்துவிட்டது என்பது சிறிய செய்தி அல்ல.

ஆனால் உலகச் சூழல் அரசியலில் இன்னொரு மரபும் உண்டு. 1992 ரியோ பிரகடனத்தின் 10ஆம் கோட்பாடு மக்களுக்குப் போதிப்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதிகாரிகளிடம் உள்ள தகவலைப் பெறுதல், முடிவெடுப்பதில் பங்குபெறுதல், தவறு நடந்தால் பரிகாரம் தேடுதல் ஆகிய மூன்றையும் அது மக்களுக்கு உரியவையாக வைத்தது. ஐரோப்பாவில் 1998இல் ஏற்பட்ட ஆர்ஹஸ் உடன்படிக்கை அதைச் சட்டமாக்கியது. லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் 2018இல் ஏற்று 2021 ஏப்ரல் 22 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த எஸ்காசு உடன்படிக்கை, சூழல் காக்கப் போராடுபவரின் உயிரைக் காப்பதும் அரசின் கடமை என்று தனிப் பிரிவே எழுதிவைத்தது. இந்தியாவில் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் 2010இன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தவை. போராடுபவரின் பாதுகாப்பு மட்டும் இங்கே வந்து சேரவில்லை.

முதல் மரபு குடிமகனைத் திருத்தப் பார்க்கிறது. இரண்டாவது மரபு அதிகாரத்தைப் பதில் சொல்லவைக்கப் பார்க்கிறது. நம் விழிப்புணர்வுப் பணிகள் பெரும்பாலும் முதலாவதிலேயே நின்றுவிட்டன என்பது என் கருத்து. அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

3. பாறை சரக்கான விதம்

வெள்ளாற்றுக்குத் தெற்கே, பழைய கானாட்டுப் பகுதியில், ஒரே பாறைக்குன்றைக் குடைந்த சிவன், பெருமாள் குடைவரைகளோடும் மேலே கோட்டையோடும் நிற்கிறது திருமயம். சேதுபதிகள் 1687இல் எழுப்பியதாகச் சொல்லப்படும் அக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னங்கள் சட்டத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அந்த எல்லை தாண்டினால் கருங்கல் பாறை, சட்டத்தின் கண்ணில் ஒரு சிறுகனிமம். ஏலம் விடலாம், குத்தகைக்குக் கொடுக்கலாம்.

உலகம் ஆண்டுதோறும் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் வெட்டி எடுக்கிறது என்று ஐ.நா. சூழல் திட்டம் 2022 அறிக்கையில் மதிப்பிட்டது. தண்ணீருக்கு அடுத்து மனிதர் அதிகம் பயன்படுத்தும் இயற்கை வளம் இதுதான். தமிழ்நாட்டில் காவிரி, பாலாறு, தாமிரபரணி என ஆறுகள் சுரண்டப்பட்டு, வழக்குகள் பெருகி, ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது கட்டுமானத் தொழில் எம்-சாண்டுக்குத் திரும்பியது. எம்-சாண்ட் என்பது பொடித்த பாறையே. ஆற்றைக் காக்கச் செய்த விழிப்புணர்வு வெற்றிபெற்றதன் சுமை, பாறை உள்ள வறண்ட வட்டாரங்களின் தலையில் இறங்கியது. ஆற்றுப் பாதுகாப்புப் பேச்சுகளில் இது அதிகம் வருவதில்லை.

கடினப்பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் மேற்பகுதியின் சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தங்கும். விவசாயம் கண்மாயை நம்பியது. கண்மாய் வரத்து வாரியை நம்பியது. ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். இந்தச் சங்கிலியின் நடுவே ஆழமான ஒரு குழி விழுந்தால், சுற்றியுள்ள கிணற்றின் ஊற்று குழியை நோக்கி இறங்கும். கொட்டிவைத்த கழிவுமேடு வாரியை அடைத்தால் மழைத் தண்ணீர் திசைமாறும். வெடி வைக்கும்போது வீட்டுச் சுவர் அதிர்வதும், கிரஷரின் வெண்தூசி மாட்டுத் தீவனத்தின் மேல் படிவதும் ஊராரின் அன்றாட முறையீடுகள். இவற்றைப் புரிந்துகொள்ள யாருக்கும் பயிலரங்கம் தேவைப்படவில்லை.

விதி மீறல் நடக்கும் வழிகளும் ஊருக்குத் தெரிந்தவை. குத்தகை எல்லைக் கல்லைத் தாண்டி வெட்டுவது ஒன்று. அனுமதித்த ஆழத்துக்குக் கீழே போவது இன்னொன்று. ஒரு நடைச்சீட்டை வைத்துக்கொண்டு பல நடை ஓட்டுவது மூன்றாவது. சீட்டில் எழுதிய நேரத்தையும் சோதனைச் சாவடியை லாரி கடந்த நேரத்தையும் ஒப்பிட்டால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம். குழியை அளந்து, செலுத்திய உரிமத்தொகையோடு வைத்துப் பார்த்தால் முதல் இரண்டும் வெளிப்படும். இது கணக்கு. கருத்து வேறுபாட்டுக்கு இதில் இடம் குறைவு. ஜெகபர் அலி இறந்த பின்னர் கனிமவளத் துறையினர் டிரோன் கொண்டு வந்து அப்பகுதிக் குவாரிகளை அளந்தார்கள். அளக்கக் கருவி இருந்தது, ஆள் இருந்தது, அதிகாரமும் இருந்தது என்பது அதனால் உறுதியாகிறது.

4. துண்டு துண்டாக ஒரு மலை

இதே மாவட்டத்தில் 2017 பிப்ரவரியில் நெடுவாசல் எழுந்தது. ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததும் விவசாயிகள், மாணவர்கள், வெளியூர் இளைஞர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அந்த ஊரில் திரண்டனர். திட்டம் அங்கே நிறைவேறவில்லை. 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஆகிய புதுக்கோட்டை மாவட்ட ஒன்றியங்கள் இடம்பெற்றன. திருமயம் அதில் இல்லை. அது படுகையும் அல்ல.

நெடுவாசலில் மக்கள் விழித்தெழுந்தார்கள், திருமயத்தில் எழவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. நெடுவாசலில் திட்டத்துக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு தேதி இருந்தது, தில்லியில் ஒரு முகவரி இருந்தது. எதிர்ப்பவர் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார முடிந்தது. கல்குவாரிக்கு அவை எதுவும் இல்லை. சில ஏக்கர் ஒருவருக்கு, பக்கத்துச் சர்வே எண் இன்னொருவருக்கு, சில ஆண்டுகள் குத்தகை, முடிந்ததும் அடுத்தது. ஒவ்வொன்றும் சிறியது, கூட்டிப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை.

சட்டத்தின் போக்கும் இதற்குத் துணைபோனது. 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குத்தகைகள் முன்பு சூழல் அனுமதிக்கு வெளியே இருந்தன. பெரிய பரப்பைச் சிறு துண்டுகளாக்கி அனுமதியைத் தவிர்க்கும் தந்திரத்தைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் அவற்றுக்கும் அனுமதி வேண்டும் என்றது. 2016 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சிறு குத்தகைகளை மாவட்ட அளவிலான ஆணையத்திடம் ஒப்படைத்து, மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் அளித்தது. 2018இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் குறைகூறி மாற்றச் சொன்னது. நீதிமன்றம் அடைத்த வாசலை அறிவிக்கை திறப்பதும், தீர்ப்பாயம் மறுபடி அடைப்பதுமாக ஆறு ஆண்டுகள் போயின. இடையில் வெட்டிய கல் மறுபடி முளைக்காது.

மலையைத் துண்டாடும்போது அதற்கான எதிர்ப்பும் துண்டாகிறது. பத்து ஊருக்குப் பொதுவான பாதிப்பு பத்து தனித்தனி மனுக்களாகிறது. பிறகு பத்தில் ஒன்றாகிறது. கடைசியில் அந்த மனுவைத் தொடர்ந்து கொடுக்கும் ஓர் ஆளாகிறது. 'குவாரிப் பிரச்சினை' என்பது 'அந்த ஆளின் பிரச்சினை' என்று உருமாறும் கட்டம் இதுவே. ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது.

5. திங்கட்கிழமை மனு

மனு போகும் வழியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். வாசலில் எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைத் தாள், மனுதாரர் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், கைபேசி எண். எண் போட்டு ரசீது தருவார்கள். அதன்பின் மனு கீழ்நோக்கி இறங்கத் தொடங்கும். ஆட்சியரிடமிருந்து கனிமவளத் துறைக்கும் கோட்டாட்சியருக்கும், அங்கிருந்து தாசில்தாருக்கு, பின் வருவாய் ஆய்வாளருக்கு, முடிவில் கிராம நிர்வாக அலுவலருக்கு. ஒவ்வொரு படியிலும் 'உரிய நடவடிக்கைக்காக' என்று ஒரு முத்திரை. யாரைப் பற்றிய மனுவோ அவருடைய காதுக்கு மனுதாரரின் பெயர் எட்ட இத்தனை படி தாராளமாகப் போதும்.

ஒரே மேசைக்கு வந்துசேரும் பொறுப்புகளையும் கவனிக்கவேண்டும். சிறுகனிமக் குத்தகையை வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்குத் தலைமை வகிப்பவரும் அவரே. கல்லிலிருந்து வருமானம் ஈட்டவேண்டியவரும் கல்லைக் காக்கவேண்டியவரும் ஒருவராக இருக்கும்போது எது முந்தும் என்பதற்கு ஆய்வு வேண்டாம். இதைத் தனிப்பட்ட எந்த அதிகாரியின் மீதும் சுமத்தவில்லை. அமைப்பே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

படிக்கட்டின் கடைசியில் நிற்கும் அரசு ஊழியருக்கும் பாதுகாப்பு இல்லை. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரல் 25 அன்று தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்கு முன்னதாக, 2022 செப்டம்பரில், கரூர் மாவட்டம் க. பரமத்தி அருகே கல்குவாரியை எதிர்த்துவந்த விவசாயி ஒருவர் வாகனம் மோதி இறந்தார். அதுவும் கொலை வழக்கானது. 2012 முதல் 2023 வரை உலகில் 2,100க்கும் மேற்பட்ட நில, சூழல் காப்பாளர்கள் கொல்லப்பட்டதாகக் குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்கிட்டுள்ளது. 2023இல் மட்டும் 196 பேர், அவர்களில் 79 பேர் கொலம்பியாவில். கொலம்பியாவின் காடும் திருமயத்தின் கரடும் வேறு வேறு. எழுதிக் கொடுத்தவர் அடையாளம் தெரிந்து தனித்து நிற்பது இரண்டிலும் ஒன்று.

6. எதிர்வாதங்கள்

விழிப்புணர்வு பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டையைப் புரட்டிப்போட்ட பிறகு, 2019இல் ஆலங்குடி வட்டத்துக் கொத்தமங்கலத்திலும் பக்கத்துத் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியிலும் இளைஞர்கள் பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினார்கள். சமூக ஊடகமும் ஊர்ப் பற்றும் சேர்ந்து செய்த நல்ல வேலை. ஆனால் குளத்தின் வண்டலுக்கு உரிமைகொண்டாடும் முதலாளி யாரும் பெரும்பாலும் கிடையாது. அதே குளத்தின் வரத்து வாரி தைலமரக் காட்டுக்குள் நுழையும் இடத்தில் கதை மாறுகிறது. புதுக்கோட்டையில் பெரும் பரப்பில் வனத்தோட்டக் கழகம் வளர்க்கும் தைல மரங்களுக்கு நீர் பிடிக்க வெட்டும் வாய்க்கால்களும் எழுப்பும் வரப்புகளும் கண்மாய்க்கு வரும் மழைநீரை மறிக்கின்றன என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இந்திய வன அளவைத் துறையின் இலக்கணப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேல் பரந்து மரத்தின் நிழல் 10 விழுக்காட்டுக்கு மேல் விழும் நிலம் எல்லாம் காடு. மரம் எந்த இனம் என்ற கேள்வி இல்லை. உலகுக்குக் காட்டும் கணக்கில் பசுமை. கண்மாய்க்காரர் கணக்கில் வறட்சி.

ஓசோன் படலத்தின் எடுத்துக்காட்டையும் சொல்வார்கள். 1987 மான்ட்ரீல் ஒப்பந்தம் வென்றது உண்மை. வீட்டுக்கு வீடு விளக்கம் சொல்லி அதைச் சாதிக்கவில்லை. குளிர்பதன வாயுவைத் தயாரித்த நிறுவனங்கள் எண்ணிவிடக்கூடியவை. மாற்றுப் பொருளும் கையில் இருந்தது. சட்டம் அவர்களை நேராகப் பிடித்தது. மக்களின் அச்சம் சட்டத்துக்கு உந்துதல் கொடுத்தது, அவ்வளவே.

பிழைப்பைப் பற்றிய வாதம் கனமானது. டிப்பர் ஓட்டுபவரும் கிரஷரில் கூலிக்கு நிற்பவரும் பெரும்பாலும் அதே வறண்ட ஊர்களைச் சேர்ந்தவர்கள். அரசு தரும் தொகுப்பு வீட்டுக்கும் ஜல்லி வேண்டும். குவாரியே கூடாது என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வதில் ஒரு சொகுசு இருக்கிறது. ஆனால் எல்லைக் கல்லுக்குள், அனுமதித்த ஆழத்துக்குள் வெட்டினாலும் அந்தக் கூலிக்காரருக்கு வேலை உண்டு. மீறலின் இலாபம் அவருக்கு வருவதில்லை. தூசி மட்டும் வருகிறது.

இன்னொன்று, அலுவலகங்களில் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது: மனுப் போடுபவரில் பணம் பறிப்பவர்களும் உண்டு. இருக்கலாம். அப்படியானால் அளந்து பார்ப்பதே அதற்கும் மருந்து. மனுதாரர் நல்லவரா கெட்டவரா என்பதால் குழியின் ஆழம் மாறாது.

7. முடிவுகள் எங்கே எழுதப்படுகின்றன

திருமயத்தில் 1245ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சிவன் கோவிலுக்கும் பெருமாள் கோவிலுக்கும் வருமானப் பங்கீட்டில் மூண்ட நெடுநாள் வழக்கை, ஹொய்சளத் தளபதி அப்பண்ணா முன்னிலையில் கூடிய அவை தீர்த்துவைத்த செய்தி அது. பொற்காலக் கதையாக அதைச் சொல்லவரவில்லை. உழுதவரும் கல் உடைத்தவரும் அந்த அவையில் பேசியிருப்பார்கள் என்று நம்ப இடமில்லை. ஆனால் முடிவு வழக்கு நடந்த இடத்திலேயே, பாறையின் மேலேயே வெட்டப்பட்டது.

இன்று ஒரு குவாரியின் சூழல் அனுமதி இணையதளத்தில் ஆங்கிலப் பக்கங்களாகக் கிடைக்கும். 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, கருத்துக் கேட்பு நடக்கும் திட்டங்களுக்கு அறிக்கையின் சுருக்கம் மட்டும் வட்டார மொழியில் இருந்தால் போதும் என்கிறது. கருத்துக் கேட்பே இல்லாத சிறு குத்தகைக்கு அதுவும் இல்லை. 2020ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணை மொழிகளில் எல்லாம் பெயர்த்து வெளியிடத் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்களுக்கு விழிப்பூட்ட விரும்பும் அரசு அந்த ஆணையை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஊராட்சி எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு குத்தகையின் சர்வே எண், பரப்பு, அனுமதித்த ஆழம், முடியும் தேதி, செலுத்திய உரிமத்தொகை ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் வைக்கவேண்டும். மார்ச் 22 கிராமசபையில் உறுதிமொழியோடு அந்தப் பட்டியலையும் வாசித்து, அளவீடு கோரும் தீர்மானத்தைச் சபையின் பெயரில் நிறைவேற்றவேண்டும். அப்போது மனுதாரர் ஊராகிறது. தனி ஒருவரின் கைபேசி எண் தேவைப்படாது. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், இருக்கும் அதிகாரத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். தனியாகப் புகார் தரத் துணிபவருக்கோ சட்டப் பாதுகாப்பு வேண்டும். அரசு ஊழியர்களின் ஊழலையும் அதிகார முறைகேட்டையும் வெளிப்படுத்துவோரின் அடையாளத்தைக் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதலும் அளித்தார். ஜெகபர் அலி இறந்த நாளில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.